அறிவைப் பகிர்வதும் வேலை நேரத்தில் சேர வேண்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வெவ்வேறு துறையினரை ஒரே திட்டத்துக்காக ஒன்றுசேர்க்கும் குழுக்களில் முதலில் பொறியாளராகவும் பின்னர் ஒருங்கிணைப்பாளராகவும் 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். வடிவமைப்பாளர், மென்பொருள் எழுதுபவர், கொள்முதல் அலுவலர், தர ஆய்வாளர், கணக்குப் பிரிவினர், வாடிக்கையாளரிடம் நேரில் பேசுகிறவர் என்று ஆறேழு தொழில்களைச் சேர்ந்தவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைக்கும் இந்த முறை இன்று எங்கும் வழக்கமாகிவிட்டது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் பயன்பட வேண்டும் என்பதுதான் இவர்களை ஒன்றுசேர்ப்பதன் நோக்கம். ஆனால் அந்தப் பரிமாற்றத்துக்கென்று திட்ட அட்டவணையில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்காமல், ஒரே அறையில் உட்கார்ந்துவிட்டால் அது தானாக நடந்துவிடும் என்று நிர்வாகங்கள் நம்பியிருப்பதையே நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அந்த நம்பிக்கையால் வீணான உழைப்பை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால், இதைப் பொதுவில் எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

ஒரு திட்டம் தடுமாறும்போது, அவர் தெரிந்ததை மறைத்துவிட்டார், அந்தப் பிரிவு எதையும் வெளியே விடுவதில்லை என்ற குற்றச்சாட்டுகளே முதலில் எழுகின்றன. மறைப்பவர்களே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வேலை போய்விடுமோ என்ற அச்சம் நிலவும் இடத்தில், தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றுதான் தன் பதவிக்குக் காப்பு என்று ஒருவர் எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் என் அனுபவத்தில் பெரிய இழப்புகள் அத்தகையவர்களால் நேரவில்லை. தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்தே இருக்கும் என்று நினைத்தவர்களாலும், தனக்குத் தெரிந்தது அடுத்த துறைக்குத் தேவைப்படாது என்று நினைத்தவர்களாலுமே அவை நேர்ந்தன. அவர்களில் பெரும்பாலோர் நல்ல ஊழியர்கள். அறிந்தே எதையும் மறைத்தவர்கள் அல்லர்.

நான் ஒருங்கிணைத்த ஒரு திட்டத்தில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். அதில் பொருத்தப்பட்ட வெப்ப உணரியின் (சென்சார்) தயாரிப்பை நிறுத்தப்போவதாக, அதை வழங்கிவந்த நிறுவனம் எங்கள் கொள்முதல் பிரிவுக்குத் தெரிவித்தது. கொள்முதல் அலுவலர் மிகவும் பொறுப்பானவர். வேலை நின்றுவிடக் கூடாது என்று உடனே மாற்று உணரி ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதன் அளவும் திருகு மரையும் அளக்கக்கூடிய வெப்ப வரம்பும் பழையதைப் போலவே இருந்தன. விலையிலும் வேறுபாடு இல்லை. ஆனால் புதிய உணரியின் உறை சற்றுத் தடிமனானது; ஆகவே வெப்பம் மாறியதை அது உணர்வதற்குக் கூடுதலாகச் சில விநாடிகள் ஆயின. கட்டுப்பாட்டு மென்பொருளோ பழைய உணரியின் வேகத்துக்கு ஏற்பச் சீரமைக்கப்பட்டிருந்தது. எனவே கருவி வெப்பநிலையை ஓரிடத்தில் நிறுத்த முடியாமல் மேலும் கீழும் ஊசலாடியது. மென்பொருள் பிரிவினர் தங்கள் நிரலில் பிழை தேடினர்; மின்னணுப் பிரிவினர் தங்கள் சுற்றுகளைப் பிரித்துப் பார்த்தனர். உணரியே மாறியிருக்கிறது என்ற செய்தி இவ்விரு பிரிவுகளுக்கும் வந்து சேர 8 வாரங்கள் ஆயின. ஏன் முன்னமே சொல்லவில்லை என்று அந்த அலுவலரிடம் கேட்டபோது, “சார், ஒன்றும் மாறவில்லையே, எதைச் சொல்வது?” என்றார்.

அவர் சொன்னது உண்மை. அவருடைய தொழிலில் ஒரு பொருள் இன்னொன்றுக்கு நிகர் என்று சொல்வதற்கு எவையெல்லாம் பார்க்கப்படுமோ அவை அனைத்தும் பொருந்தியிருந்தன. உணர்வதற்கு ஆகும் நேரம் என்ற ஒன்று முக்கியம் என்பது மென்பொருள் பிரிவினருக்குத் தெரியும்; அதை அவர்களும் யாரிடமும் சொன்னதில்லை, ஏனெனில் உணரி மாறும் என்று அவர்கள் எண்ணியதே இல்லை. ஆக, இரண்டு பக்கமும் பாதிப் பாதி அறிவு இருந்தது; இரண்டும் சேர்ந்தால்தான் அது எச்சரிக்கையாக மாறும் என்பதை இரு பக்கத்தாரும் அறியவில்லை. அந்த 8 வாரங்களுக்காக அலுவலர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேசப்பட்டபோது நான் எதிர்த்தேன். இன்றும் எதிர்ப்பேன்.

சொற்களும் இதில் பெரும் தடையாக நிற்கின்றன. ‘லோடு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கட்டுமானப் பொறியாளருக்கு அது எடை. மின் பொறியாளருக்கு அது மின்சாரத்தை இழுக்கும் சுமை. சர்வர்களைப் பராமரிப்பவருக்கு அது ஒரே நேரத்தில் வந்து குவியும் கோரிக்கைகளின் அளவு. மூவரும் ஒரே கூட்டத்தில் “லோடு கூடும்” என்று ஒப்புக்கொண்டு எழுந்து போவார்கள். ‘முடிந்துவிட்டது’ என்ற சொல் இதைவிட ஆபத்தானது. வடிவமைப்பாளர் அதைச் சொன்னால் வரைபடத்தில் கையெழுத்திட்டாயிற்று என்று பொருள். கொள்முதல் பிரிவு சொன்னால் ஆர்டர் போயாயிற்று என்று பொருள். நிரல் எழுதுபவர் சொன்னால் எழுதியாயிற்று, இன்னும் சோதிக்கவில்லை என்று பொருள். கூட்டக் குறிப்பில் மூன்றும் ஒரே சொல்லாகப் பதிவாகின்றன.

இது சிறிய குழுக்களின் குறை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் நாசா 1998 டிசம்பர் 11 அன்று ஏவிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலம், 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைய முற்பட்டபோது தொலைந்தது. கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் தரப்பின் தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள், சிறு உந்து பொறிகள் தரும் விசையின் விளைவைப் பவுண்டு-விநாடி என்ற ஆங்கில முறை அலகில் கணக்கிட்டுத் தந்தது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்த வழிநடத்தும் குழு அதை மெட்ரிக் முறை அலகான நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே 4.45 மடங்கு வேறுபாடு உண்டு. செவ்வாய்க்கு மேலே சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டிய கலம் ஏறத்தாழ 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டது.

வகுப்பறைகளில் இது அலகுப் பிழையின் கதையாகவே சொல்லப்படுகிறது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படிக்கும்போதுதான், அலகுப் பிழை ஒன்பது மாதங்களுக்கும் மேலாகக் கண்டுபிடிக்கப்படாமல் கிடந்ததன் காரணம் புரிகிறது. அந்தக் கலத்தின் சூரியத் தகடு ஒரு பக்கமாக மட்டும் நீண்டிருந்தது. அதற்கு முன் சென்ற ‘மார்ஸ் குளோபல் சர்வேயர்’ விண்கலத்தில் தகடுகள் இரு பக்கமும் சமமாக இருந்தன. ஒருபக்கத் தகட்டின் மீது விழும் சூரிய ஒளியின் அழுத்தம் கலத்தைச் சிறிது சிறிதாகத் திருப்ப முயலும். அதை ஈடுகட்டும் சுழல் சக்கரங்களில் உந்தம் சேரும். சேர்ந்ததை வெளியேற்ற உந்து பொறிகளை அடிக்கடி இயக்க வேண்டும். அவ்வாறு இயக்கிய தடவைகள், வழிநடத்தும் குழு எதிர்பார்த்திருந்ததைப் போல 10 முதல் 14 மடங்கு. ஒவ்வொரு தடவையும் அந்த அலகுப் பிழை பாதைக் கணக்கில் சேர்ந்துகொண்டே போயிற்று. கலத்தின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. வழிநடத்தும் குழுவோ கலத்தின் இந்த இயல்புகளைப் போதிய அளவு அறிந்திருக்கவில்லை என்று அறிக்கை சொல்கிறது. பாதைக் கணக்கில் ஏதோ ஒத்துவரவில்லை என்ற ஐயம் எழுந்த பிறகும், அதை முறைப்படி பதிவு செய்து தீர்க்காமல் மின்னஞ்சல்களிலேயே பேசிக்கொண்டிருந்தனர் என்பதையும் அறிக்கை குறிப்பிடுகிறது. என் கருவியில் நடந்ததும் இதுவேதான். ஐயம் ஒரு பக்கத்தில் இருந்தது. அந்த ஐயத்துக்கான விடை மறு பக்கத்தில் இருந்தது.

ஏர்பஸ் ஏ380 விமானத்தின் தாமதமும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஒரு விமானத்தில் 500 கிலோமீட்டருக்கும் மேலான மின்கம்பிகள் ஓடுகின்றன. ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருந்த வடிவமைப்பாளர்கள் ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் வேலை செய்துவந்தனர். ஹாம்பர்க்கில் தயாரான கம்பிக் கட்டுகள் துலூஸில் பொருத்தும்போது சரியாகப் பொருந்தவில்லை. முதல் விமானம் ஏறத்தாழ 2 ஆண்டு தாமதத்துக்குப் பிறகு 2007 அக்டோபரில்தான் ஒப்படைக்கப்பட்டது.

கூட்டம் போட்டால் தீர்ந்துவிடும் என்போருக்கு ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். 1985இல் கேரல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பதவிக்கு மிகத் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய சிறு குழுக்களில், சில தகவல்கள் எல்லோருக்கும், வேறு சில தகவல்கள் ஒவ்வொருவருக்கு மட்டும் என்று பிரித்துத் தரப்பட்டன. அனைத்தையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தால் யார் சிறந்தவர் என்பது தெளிவாகிவிடும். ஆனால் குழுக்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்ததையே சுற்றிச் சுற்றிப் பேசின. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது பேச்சில் ஏறவே இல்லை அல்லது ஏறியும் நிலைக்கவில்லை. பெரும்பாலான குழுக்கள் தவறான ஆளையே தேர்ந்தெடுத்தன. நான் கலந்துகொண்ட வாராந்திரக் கூட்டங்களை எண்ணிப் பார்க்கிறேன். ஒருவர் சொல்வதை மற்றவர்கள் தலையசைத்து ஏற்கும்போது அவருக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. யாருக்கும் விளங்காத ஒன்றைச் சொல்லும்போது அவையில் ஒரு சலிப்புப் பரவுகிறது. அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொண்டு பேசுகிறவர்கள் மிகச் சிலரே, குறிப்பாகப் பணியில் இளையவர்களாக இருந்தால்.

இளையவர்களும் வாய் திறக்கும்படி செய்ய முடியும் என்பதற்கு அறுவைச் சிகிச்சைக் கூடமே எனக்குத் தெரிந்த நல்ல சான்று. அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், செவிலியர், கருவிகளைக் கையாள்பவர் என்று அதுவும் ஒரு பல்துறைக் குழுதான். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்சப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அங்குள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பதும், எதிர்பார்க்கும் சிக்கல்களை ஒவ்வொரு பிரிவினரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதும் இடம்பெற்றன. 8 நகரங்களில் உள்ள 8 மருத்துவமனைகளில் இது நடைமுறைக்கு வந்த பிறகு, உயிரிழப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன என்று 2009இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஒருமுறை பெயர் சொல்லிப் பேசிவிட்டவர், பிறகு தவறு ஒன்றைக் கண்டால் வாய் திறக்கத் தயங்குவதில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், அதே வகைப் பட்டியல் நடைமுறைக்கு வந்த பிறகும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. பட்டியலில் குறியிடுவது வேறு, ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவது வேறு என்பதே இதற்கு நான் காணும் விளக்கம். அலுவலகங்களிலும் இதையே பார்க்கிறோம். அறிவுப் பகிர்வு வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தவுடன் ஒரு மென்பொருள் வாங்கப்படுகிறது, ‘ஃபோல்டர்’கள் திறக்கப்படுகின்றன, ஒவ்வொருவரும் மாதத்துக்கு இத்தனை ஆவணங்கள் ஏற்ற வேண்டும் என்று இலக்கும் வைக்கப்படுகிறது. எண்ணிக்கை நிறைகிறது. எழுதியவர் எதை எழுதத் தேவையில்லை என்று விட்டாரோ அதுதான் வாசிப்பவருக்குத் தேவைப்படுகிறது. எழுதும் நேரத்தில் வாசிப்பவர் எதிரே இல்லாததால் கேட்க வழியில்லை.

மென்பொருள் நிறுவனங்களில் ‘கே.டி. கொடுப்பது’ (‘நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்’, அதாவது அறிவைக் கைமாற்றுவது) என்று ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போகிறவர் தன் கடைசி வாரத்தில் பின்வருபவருக்குத் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுகளில் சேர்ந்த அறிவை நான்கு பிற்பகல்களில், மனம் ஏற்கெனவே வெளியே போய்விட்ட ஒருவரிடமிருந்து, எதைக் கேட்பது என்றே இன்னும் தெரியாத ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது இருவருக்கும் இழைக்கப்படும் அநீதி. கேள்வி கேட்கத் தெரிவதற்கே சில வாரங்கள் அந்த வேலையில் கைவைத்திருக்க வேண்டும்.

உணரி விவகாரத்துக்குப் பிறகு எங்கள் குழுவில் சில மாற்றங்களைச் செய்துபார்த்தோம். ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும், ஒவ்வொரு துறையினரும் தாங்கள் உண்மையென்று எடுத்துக்கொண்டு வேலை செய்பவற்றை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதினர். அந்தப் பக்கத்தை எழுதியவர் வாசிக்கக் கூடாது. வேறு துறையைச் சேர்ந்தவர் உரக்க வாசித்து, ஒவ்வொரு வரியும் தனக்கு என்னவாகப் புரிகிறது என்று சொல்ல வேண்டும். முதல் முறை மூன்று மணி நேரம் ஆயிற்று, பலர் சலித்துக்கொண்டனர். கொள்முதல் அலுவலரின் பக்கத்தை மென்பொருள் எழுதும் பெண்மணி ஒருவர் வாசித்தார். “நிகரான பொருள் கிடைத்தால் மாற்றிக்கொள்ளப்படும்” என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தி, “எதில் நிகர்?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நாற்பது நிமிடங்கள் பேசினோம். மின்னணு, இயந்திரம், மென்பொருள், தரம் ஆகிய நான்கு பிரிவினரும் தங்கள் பார்வையில் நிகர் என்பதற்கு என்ன பொருள் என்று சொல்லச் சொல்ல, அலுவலர் தம் படிவத்தில் வரிகளைச் சேர்த்துக்கொண்டே வந்தார். சில மாதங்கள் கழித்து அவரே ஒருநாள் என் இருக்கைக்கு வந்து, ஒரு மின்விசிறி மாறுகிறது, சத்தமும் காற்றின் அளவும் ஒன்றுதான், ஆனால் தொடங்கும்போது இழுக்கும் மின்சாரம் கூடுதல், இது யாருக்காவது முக்கியமா என்று கேட்டார். மின்னணுப் பிரிவுக்கு அது மிக முக்கியமாக இருந்தது.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. 6 பேர் உள்ள குழுவில் இருவர் இருவராகப் பேச வேண்டிய இணைகள் 15. குழு 12 பேராக வளர்ந்தால் அது 66 ஆகிவிடும். எல்லோரும் எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்வது நடக்கக்கூடியது அன்று; நான் அதைக் கேட்கவும் இல்லை. ஒரு குழுவின் நினைவு என்பது யாருக்கு எது தெரியும் என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருப்பதில்தான் இருக்கிறது என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் 1980களிலேயே விளக்கியிருக்கிறார். மின்சாரம் பற்றிய அறிவு எனக்கு வேண்டியதில்லை; இந்தக் கேள்வியை மின்சாரம் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றினால் போதும். அந்தத் தோன்றல் அடுத்த துறைக்காரரின் வேலையை இரண்டு நாட்களாவது உடனிருந்து பார்த்தவருக்குத்தான் வருகிறது. வணிக இரகசியம், வாடிக்கையாளரின் தனிப்பட்ட விவரம் போன்ற காக்கப்பட வேண்டியவை இதில் அடங்கா. அவற்றுக்கு விதிகள் இருக்கின்றன.

நிர்வாகங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் பணச் செலவு அதிகம் பிடிக்காத ஒன்று. எங்கள் தர ஆய்வாளர் ஒருவர், அதிர்வுச் சோதனை எப்படி நடக்கிறது என்பதை மென்பொருள் பிரிவினருக்கு இரண்டு மணி நேரம் விளக்கினார். அந்த வாரம் ‘டைம்ஷீட்’ எனப்படும் வேலை நேரப் பதிவேட்டை நிரப்பும்போது, அந்த இரண்டு மணி நேரத்தை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. திட்டத்தில் அப்படி ஒரு வேலையே இல்லை. ‘இதர’ என்று எழுதினார். மாத இறுதியில், ‘இதர’ நேரம் அதிகமாக இருக்கிறது என்று அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அதற்குப் பிறகு யாராவது சந்தேகம் கேட்டால் மதிய இடைவேளையில் வாருங்கள் என்று சொல்லத் தொடங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த துறைக்குச் சொல்லிக்கொடுத்த நேரத்துக்கும், அடுத்த துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட நேரத்துக்கும் அந்தப் பதிவேட்டில் தனித்தனியாக ஒரு வரி இருக்க வேண்டும்; திட்டத்தின் கால அளவை முடிவு செய்யும்போதே அந்த மணி நேரங்களும் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். ஆண்டு மதிப்பீட்டில், எத்தனை ஆவணம் ஏற்றினீர்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, உங்களிடமிருந்து கற்றுக்கொண்டதாக வேறு துறையில் யார் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். வேலைவாய்ப்பு, தொழில் தொடர்பான பக்கங்களில் தங்கள் நாளிதழ் இப்பொருளை எடுத்துப் பேசி, பணியில் இருக்கும் வாசகர்களின் அனுபவங்களையும் கேட்டு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற திட்ட ஒருங்கிணைப்பாளர்